சுட்டும் விரலும் சொல்லும் வாயும்



ஒரு தமிழாசிரியரின் நினைவாக அவருடைய பழைய மாணவர்கள் சேர்ந்து நிறுவிய அறக்கட்டளை இது. ஆண்டுதோறும் தமிழறிஞர்கள் வந்து சங்க இலக்கியத்தையும் காப்பியங்களையும் பற்றிப் பேசிய மேடையில், முப்பது ஆண்டுகளாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். அழைப்பு வந்ததும் தயங்கினேன். பிறகு ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஐயாவும் நானும் மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சாலையில் இருந்த ஒரு பள்ளியில் பதினோரு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். என் ஆங்கில வகுப்பு உருப்பட்டது அவரால்தான். அந்தக் கடனைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைக்காது.

ஆகவே நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரேயொரு ஆங்கிலச் சொல். ‘தட்’ என்ற சொல்.

எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினால் அது இல்லாமல் இருக்காது. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பொருள் சொல்லிவிடும்: “அது, அந்த, என்று.” கையகல அகராதிகளிலும் இந்த மூன்றும் நடுவில் காற்புள்ளி போட்டு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அந்தக் காற்புள்ளிதான் பிள்ளைகளைக் கெடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘அது’வும் ‘என்று’வும் ஒரு பொருளின் இரண்டு சாயல்கள் அல்ல. இரண்டும் வேறு வேறு வேலை. ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் மூன்று நான்கு ஆட்கள் நடமாடுகிறார்கள். நாமோ சட்டையை மட்டும் பார்த்து ஆள் ஒருவர்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம்.

வகுப்பில் நான் வழக்கமாகக் கரும்பலகையில் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் நின்றவர்களுக்கு நன்றாகவே புரியும். “ஹீ செட் தட் தட் பஸ் தட் யூ மிஸ்ட் வாஸ் த லாஸ்ட் ஒன்.” மூன்று ‘தட்’. தமிழில் இதை யாரும் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள்: “நீ தவறவிட்ட அந்த பஸ்தான் கடைசி பஸ் என்று அவர் சொன்னார்.”

இந்தத் தமிழ் வாக்கியத்தில் மூன்று ‘தட்’டும் எங்கே போயின என்று தேடச் சொல்வேன். இரண்டாவது ‘தட்’ உடனே அகப்படும்: ‘அந்த’. முதல் ‘தட்’ வாக்கியத்தின் கடைசிக்கு நகர்ந்து ‘என்று’ ஆகி நிற்கிறது. மூன்றாவதைத்தான் தேடுவார்கள். அதற்குத் தனிச் சொல்லே இல்லை. ‘தவறவிட்ட’ என்பதன் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அகரம்தான் அது. பெயரெச்ச விகுதி. ஒரு பெண் எழுந்து வந்து சாக்பீஸால் அந்த ‘ட்ட’வைச் சுற்றி வட்டம் போடும்போது வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். நான்காவது ஆளும் உண்டு. “இட் இஸ் நாட் தட் ஹாட்” என்றால் ‘அவ்வளவு வெயில் இல்லை’. நம் ஊர்ப் பேச்சில் ‘அம்புட்டு வெயில் இல்லை’. இது சுட்டுக்குச் சொந்தக்காரன். ‘அந்த’விலும் ‘அம்புட்டு’விலும் முன்னால் நிற்பது அதே அகரச் சுட்டு. ‘ஸோ’ போட்டு அதன் பின்னால் ‘தட்’ வரும் வாக்கியங்களை ‘அளவுக்கு’ என்று முடித்துக்கொள்ளலாம். அதில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதில்லை.

இனி, தடுமாறும் இடங்களுக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் “த பென் தட் ஐ ரோட்” என்று எழுதியிருந்தான். ‘நான் எழுதிய பேனா’ என்று சொல்ல வந்திருக்கிறான். ‘ரோட்’டுக்குப் பின்னால் ‘வித்’ இல்லை. சிவப்பு மையால் அடித்தேன். அடுத்த நோட்டில் “த ஹவுஸ் தட் ஐ லிவ்ட்”. ‘இன்’ இல்லை. அடித்தேன். அடுத்ததிலும் அதே மாதிரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார்களா என்று. பக்கத்து நாற்காலியில் இருந்து ஐயா எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, இவ்வளவு சிவப்பு?”

காட்டினேன். நோட்டை வாங்கி மெதுவாக வாசித்தார். அவருக்கு ஆங்கிலம் அளவாகத்தான் தெரியும். “இதைத் தமிழ்ல சொல்லுங்க” என்றார். ‘நான் எழுதிய பேனா, நான் இருந்த வீடு’ என்றேன். “சரியாத்தானே இருக்கு. எழுதினது நீங்க, பேனா கருவி. அந்தக் கருவிங்கிறதை ‘எழுதிய’ எங்கேயாவது சொல்லுதா? சொல்லாது தம்பி. பெயரெச்சம் அதைக் கேக்குறவங்ககிட்ட விட்டுரும்.”

அன்று மாலை பள்ளி விட்ட பிறகும் அவர் போகவில்லை. பெயரெச்சம் ஆறு வகைப் பெயரைக் கொண்டு முடியும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் சொல்வதை எனக்கு விளக்கினார். செய்தவன், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள். பள்ளிக்கூடத்தில் நான் மனப்பாடம் செய்து மறந்துபோன செய்தி. அவர் சொன்ன விதத்தில் அது வேறு ஒன்றாகத் தெரிந்தது. ‘சாப்பிட்ட பையன்’ என்றால் பையன் சாப்பிட்டான். ‘சாப்பிட்ட கை’ என்றால் கை சாப்பிடவில்லை, கையால் சாப்பிட்டோம். ‘சாப்பிட்ட கடை’யில் சாப்பிட்டோம். ‘சாப்பிட்ட சாப்பாடு’, ‘சாப்பிட்ட நேரம்’. எல்லாவற்றுக்கும் ஒரே ‘சாப்பிட்ட’. ஆலும் இல்லை, இல்லும் இல்லை, ஐயும் இல்லை. வேற்றுமை உருபு அத்தனையும் மறைந்துவிட்டது. ஆனாலும் கேட்பவருக்குக் குழப்பமே வருவதில்லை. கைக்கும் கடைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு உலகத்திலேயே இருக்கிறது. மொழி அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று தமிழ் முடிவு செய்துவிட்டது.

ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. பேனாவைக் கருவி என்று காட்ட ‘வித்’ வேண்டும். வீட்டை இடம் என்று காட்ட ‘இன்’ வேண்டும். அந்தப் பையன் சோம்பலால் ‘வித்’தை விடவில்லை. தன் தாய்மொழி இலக்கணத்துக்கு முழு விசுவாசமாக எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடித்தது ஆங்கிலப் பிழையையும் அதற்குள் இருந்த நல்ல தமிழையும் சேர்த்து. இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மறுநாள் வகுப்பில் முறையை மாற்றினேன். “பேனாவால எழுதினோமா, பேனாவை எழுதினோமா?” என்று கேட்டேன். “பேனாவால” என்றார்கள். “அந்த ‘ஆல்’ உங்க இங்கிலீஷ் வாக்கியத்துல எங்க இருக்கு?” அவ்வளவுதான் கேட்டேன். அவர்களே ‘வித்’தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

திராவிட மொழிகளில் ஆங்கிலத்தில் உள்ளது போன்ற இணைப்புப் பிரதிப்பெயர் கிடையாது, அந்த வேலையைப் பெயரெச்சம் செய்கிறது என்பதை இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே எடுத்துச் சொல்லியிருக்கிறார். மொழியியல் படித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. வகுப்பறைக்குத்தான் அது வந்து சேரவில்லை. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுக்கப் பெரிய இயக்கம் ஒன்று நடந்தது. முதலில் சிலர் பயிற்சி பெற்று, அவர்கள் பலருக்குக் கொடுத்து, அந்தப் பலர் இன்னும் பலருக்குக் கொடுக்க, உருளும் பனிப்பந்து போலப் பெருகியதால் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அதற்குப் பெயர். நல்ல நோக்கம், அசாத்திய உழைப்பு. வாக்கிய அமைப்புகளை வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்கும் முறை அது. அந்த முறையில் வந்த ஆசிரியர்களிடம்தான் நான் படித்தேன்; அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தமிழைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலத்தை உள்ளே அழைக்க வேண்டும் என்ற பழக்கம் எங்களுக்கு அந்த வழியில்தான் ஊறியது. கதவுக்கு வெளியே நின்ற தமிழ் சும்மா நிற்கவில்லை. ஜன்னல் வழியாக வந்து நோட்டுகளில் எழுதிவிட்டுப் போனது.

அடுத்து ‘என்று’. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘தட்’ எப்படி வாக்கியங்களை இணைக்கும் சொல்லாக ஆனது? பழைய ஆங்கிலத்தில் அது வெறும் சுட்டு. அஃறிணைச் சுட்டு என்றே சொல்லலாம். ‘அவன் அதைச் சொன்னான்; அவள் வந்தாள்’ என்று இரண்டு வாக்கியங்கள் பக்கத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அதை’ என்பது அடுத்து வரப்போகிற செய்தியைச் சுட்டுகிறது. காலப்போக்கில் நடுவில் இருந்த இடைவெளி மறைந்து, சுட்டு பின்னால் வந்த வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் செய்தியை விரலால் சுட்டி இணைத்தது.

தமிழ் வாயால் இணைத்தது. ‘என்று’ என்பது ‘என்’ என்ற வினையிலிருந்து பிறந்த வினையெச்சம்; ‘சொல்லி’ என்று பொருள். ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்றால், ‘வருகிறேன்’ எனச் சொல்லி, சொன்னான். தெலுங்கில் ‘அனி’, கன்னடத்தில் ‘எந்து’, மலையாளத்தில் ‘என்னு’ என்று நம் உறவு மொழிகளும் இதே வழியில் நடக்கின்றன. சிங்களத்தில் ‘கியலா’ என்றாலும் ‘சொல்லி’தான். தக்கிணி உருது பேசுகிற நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் ‘போல்கே’ என்பார்கள், அதுவும் ‘சொல்லி’. ஆப்பிரிக்காவில் எவே மொழியிலும் ‘சொல்’ என்ற வினையே இந்த வேலைக்கு வந்திருக்கிறது. விரலால் சுட்டிய மொழிகள் ஒரு பக்கம், வாயால் சொன்ன மொழிகள் ஒரு பக்கம்.

இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் நம் பிள்ளைகள் காலங்காலமாகச் செய்யும் இரண்டு பிழைகளுக்குக் காரணம் விளங்கிவிடும்.

ஒன்று: “ஹீ ஆஸ்க்ட் மீ தட் வேர் ஆர் யூ கோயிங்.” ‘எங்கே போகிறாய் என்று கேட்டான்.’ ‘என்று’ இருக்கிறதே, ‘தட்’ போட வேண்டாமா என்பது பிள்ளையின் நியாயம். ‘என்று’ சொன்னதை அப்படியே ஏந்திக்கொள்ளும். கேள்வியானாலும் கட்டளையானாலும் ‘ஐயோ’ என்ற அலறலானாலும் அதற்கு ஒன்றுதான். விரலால் சுட்டும் ‘தட்’ முழுச் செய்தி வாக்கியத்தை மட்டுமே சுட்டும். கேள்விக்கு முன்னால் நிற்காது. ஆங்கிலத்தில் கேள்விச் சொல்லே தன் வாக்கியத்தை இணைத்துக்கொள்ளும்.

இரண்டு: “ஹீ செட் தட் ஐ ஆம் கமிங்.” பையன் சொல்ல வந்தது, வருவதாகச் சொன்னவன் அவன்தான் என்று. ஆங்கிலக்காரர் காதில் விழுவது, எழுதிய பையனே வருகிறான் என்று. ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதில் அடுத்தவன் வாயிலிருந்து வந்த சொல் கலையாமல் நம்மிடம் வந்து சேருகிறது. தன்மை இடம் தன்மையாகவே இருக்கிறது. ஆங்கிலம் அதைத் தன் கண்ணால் பார்த்து இடத்தையும் காலத்தையும் மாற்றிச் சொல்கிறது. இதற்கும் ஐயாதான் வழி சொன்னார். “தம்பி, நேரே இங்கிலீஷுக்குப் போகாதீங்க. தமிழ்லயே ஒரு படி இறங்குங்க” என்றார். ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதை முதலில் ‘தான் வருவதாகச் சொன்னான்’ என்று மாற்றச் சொல்ல வேண்டும். ‘தான்’ வந்தவுடன் பிள்ளைக்கு ‘ஹீ’ தானாக வந்துவிடும். நேர்கூற்றையும் அயற்கூற்றையும் தமிழ்ப் பாடத்தில் ஐயா நடத்திய வாரமே நான் ஆங்கிலத்தில் நடத்த ஆரம்பித்தேன். ஒரே பாடத்தை இரண்டு பேர் இரண்டு மொழியில் நடத்தினோம்.

‘என்று’வின் வேலைகளைத் தொல்காப்பியர் இடையியலில் ‘என’வோடு சேர்த்து ஆறாகப் பிரித்தார், நன்னூலாரும் அந்த ஆறையே எடுத்துக்கொண்டார். வினை, பெயர், குறிப்பு, இசை, எண், பண்பு. மதுரைப் பக்கத்துப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஆறையும் காட்டிவிடலாம். ‘மழை வரும் என்று குடை எடுத்தேன்’ — வினையை அடுத்து வந்தது. ‘பிள்ளைக்கு மீனாட்சி என்று பெயர் வைத்தார்கள்’ — பெயர். ‘பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது’ — குறிப்பு. ‘மடாரென்று கதவைச் சாத்தினாள்’ — இசை. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் விட்ட பிறகு மேலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், வயல் ‘பச்சைப்பசேல் என்று’ கிடக்கும் — பண்பு. ‘சித்திரை என்று, ஆடி என்று, தை என்று திருவிழாவுக்குக் குறைவில்லை’ — எண்.

இதில் என்னை வியக்க வைப்பது குறிப்பும் இசையும் பண்பும். கதவு பேசுகிறது, ‘மடார்’ என்று சொல்கிறது. கோபம் ‘பொசுக்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறது. வயலின் நிறத்துக்கும் ஒரு வாய் இருக்கிறது. வாயால் இணைத்த மொழியில்தான் இது முடியும். விரலால் சுட்டிய ‘தட்’டைக் கொண்டு இந்த மூன்றில் ஒன்றைக்கூட ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. ‘வேண்டுமென்றே செய்தான்’ என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதற்குள் இருக்கும் ‘என்று’வை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ‘வேண்டும்’ என்று அவன் மனம் சொல்லிற்று, சொல்லிக்கொண்டே செய்தான். ஒரு செயலின் உள்நோக்கத்தை, அந்த மனத்துக்குள் நடந்த பேச்சாகவே எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறது இந்தச் சொல். ‘ஏனென்றால்’ என்பதும் இப்படியே: ‘ஏன்’ என்று நீங்கள் கேட்டால், இதோ பதில். காரணம் சொல்ல வருகிறவன் கேட்பவனின் கேள்வியையும் தானே கேட்டுக்கொள்கிறான்.

இங்கே ஒரு கேள்வி வரும். தமிழ் எல்லாவற்றையும் பிரித்து வைத்திருக்கிறது, ஆங்கிலம்தான் குழப்புகிறது என்று நான் சொல்ல வருகிறேனா? இல்லை. “அப்பா என்று வருவார் என்று அம்மாவுக்குத் தெரியாது” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். முதல் ‘என்று’ காலத்தைக் கேட்கும் வினாச்சொல். இரண்டாவது, நாம் இவ்வளவு நேரம் பேசிய ‘என்று’. எழுத்துக்கு எழுத்து ஒன்று. உறவே இல்லாத இரண்டு சொற்கள். தமிழ் கற்க வரும் வெளிநாட்டவர் இங்கே திணறத்தான் செய்வார். நமக்கு ஏன் திணறல் இல்லை? இதே வாக்கியத்தை வீட்டில் எப்படிச் சொல்வோம்? “அப்பா என்னைக்கு வருவார்ண்டு அம்மாவுக்குத் தெரியாது.” ‘என்னைக்கு’ வேறு, ‘ண்டு’ வேறு. எழுத்தில் ஒன்றாகிப் போனதைப் பேச்சு பிரித்தே வைத்திருக்கிறது.

ஆங்கிலத்திலும் நிலைமை இதுதான். சுட்டாக வரும் ‘தட்’டை ஆங்கிலக்காரர் வாய் திறந்து, அழுத்தி, முழு உயிரோடு சொல்வார். இணைப்பாக வரும் ‘தட்’டும், பெயரெச்சத்தின் வேலையைப் பார்க்கும் ‘தட்’டும் அவர் வாயில் உயிர் தேய்ந்து, காதில் பட்டும் படாமலும் ஓடிவிடும். என் கரும்பலகை வாக்கியத்தில் இரண்டாவது ‘தட்’ மட்டும் பளிச்சென்று கேட்கும். மற்ற இரண்டும் மங்கிப்போகும். அச்சில் பார்த்து ஆங்கிலம் கற்கிற நாம் மூன்றையும் ஒரே அழுத்தத்தில் சொல்கிறோம். ஜெர்மன்காரர்கள் சுட்டுக்கும் வாக்கிய இணைப்புக்கும் இரண்டு எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறார்கள். ஒலி மட்டும் ஒன்று. அதனால் அங்கே உள்ள பள்ளிப் பிள்ளைகள் எந்த இடத்தில் எந்த எழுத்து என்று தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு மொழியும் ஒவ்வோர் இடத்தில் பிரிக்கிறது, ஒவ்வோர் இடத்தில் சேர்க்கிறது. ஒரு மொழி சேர்த்து வைத்ததைப் பிரித்துப் பார்க்க, அந்த இடத்தில் பிரிந்து நிற்கும் இன்னொரு மொழி கையில் இருந்தால் போதும். நம் பிள்ளைகளின் கையில் அது பிறந்ததிலிருந்தே இருக்கிறது.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

“த நியூஸ் தட் யூ டோல்ட் மீ”, “த நியூஸ் தட் ரெய்ன் இஸ் கமிங்”. இரண்டிலும் ‘நியூஸ்’, இரண்டிலும் அதன் பின்னால் ‘தட்’. வெளிப் பார்வைக்கு ஒரே கட்டுமானம். இலக்கணத்தில் இரண்டும் வேறு. முதலாவதில் ‘தட்’டை எடுத்துவிட்டு ‘விச்’ வைக்கலாம். இரண்டாவதில் வைக்க முடியாது. முதலாவது வாக்கியத்துக்குள் செய்திக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது. இரண்டாவதில் எந்த இடமும் காலி இல்லை, அந்த வாக்கியமே செய்தி. இதை விளக்கப் பட்ட வகுப்பில் ஒரு மணி நேரம் ஆகும். விளக்கி முடித்த பிறகும் முகங்கள் அப்படியே இருக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நீ சொன்ன செய்தி.’ ‘மழை வரும் என்ற செய்தி.’ ஒன்றில் வெறும் பெயரெச்சம், மற்றதில் ‘என்ற’. வேறுபாடு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ‘அவன் வந்த செய்தி’ என்றும் தமிழில் சொல்கிறோமே, அங்கே ‘என்ற’ இல்லையே என்று தமிழ்த்துறை மாணவர் ஒருவர் ஒருமுறை மடக்கினார். நல்ல கேள்வி. அங்கே ‘என்ற’வைப் போட்டுப் பாருங்கள். ‘அவன் வந்தான் என்ற செய்தி’, பொருள் கெடவில்லை. ‘நீ சொன்ன செய்தி’யில் போடுங்கள். ‘நீ சொன்னாய் என்ற செய்தி’ என்று ஆகிவிடும். அது வேறு செய்தி. போட்டால் பொருள் நிற்கிறதா, மாறுகிறதா என்று பார்ப்பதே சோதனை. அரை நிமிட வேலை. இதைத் தமிழ் தெரிந்த மாணவரிடமிருந்து மறைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆங்கிலத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த மண்ணில் இப்படி நினைத்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் 1870இல் பிறந்த சூரியநாராயண சாஸ்திரியார், பரிதிமாற் கலைஞர் என்று தன் பெயரைத் தமிழாக்கிக்கொண்டவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். ஆங்கிலத்தையும் ஆழ்ந்து கற்றவர். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை நீக்கும் எண்ணம் எழுந்தபோது எதிர்த்து நின்றார்.  பரிதிமாற் கலைஞர் 1903இல் இறந்தபோது வயது 33தான். ஆங்கிலக் கல்வி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கற்கும் மாணவனிடமிருந்து அவன் மொழியைப் பிடுங்காதீர்கள் என்பதே அவர் போராட்டம். நூறாண்டு கழித்து நான் ஒரு சின்ன வகுப்பறையில் ஒரே ஒரு சொல்லை வைத்துப் பட்டுணர்ந்ததை அவர் அன்றே பெரிய அளவில் கண்டிருந்தார்.

நடைமுறையில் நான் செய்தது மிக எளிது. புதிய ஆங்கில வாக்கியம் வந்தால் அதைப் புத்தகத் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். “உங்க ஆத்தாகிட்ட இதைப் போய்ச் சொல்றதா இருந்தா எப்படிச் சொல்லுவ?” என்று கேட்பேன். புத்தகத் தமிழில் பிள்ளைகள் ஆங்கிலத்தின் சாயலைப் பார்த்து எழுதிவிடுவார்கள். ‘அவர் சொன்னார், என்னவென்றால்’ என்று தொடங்குவார்கள். வீட்டுப் பேச்சில் அந்த வித்தை செல்லாது. அங்கே ‘ண்டு’ வர வேண்டிய இடத்தில் ‘ண்டு’தான் வரும். ‘ண்டு’ வந்தால் இணைக்கும் ‘தட்’. ‘அந்த’, ‘அம்புட்டு’ வந்தால் சுட்டும் ‘தட்’. இரண்டும் வராமல் வினை போய்ப் பெயரில் முட்டிக்கொண்டால் அது மூன்றாவது ‘தட்’. சேர்த்து, ‘ஆல்’, ‘இல்’ ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. இந்த நான்கு வரியைத்தான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்வேன். தமிழ் வகுப்பு, ஆங்கில வகுப்பு இரண்டுக்கும் ஒரே நோட்டு.

ஐயா ஓய்வு பெற்றுப் போன அந்த ஆண்டு, பத்தாம் வகுப்பு. முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். “ஐ தாட் யூ ஹேட் லெஃப்ட்” என்று ஒரு வாக்கியம். எளிதான வாக்கியம், நான் நிற்காமல் அடுத்ததற்குப் போய்விட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். கருமாத்தூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள்.

“சார், ‘நீங்க போயிட்டீங்கண்டு நினைச்சேன்’. அதானே சார்?”

“அதேதான் தாயி.”

“அப்பன்னா இதுல ஒரு ‘ண்டு’ இருக்கு சார். ‘தட்’டைக் காணோம்.”

ஆங்கிலம் சில வினைகளுக்குப் பின்னால் ‘தட்’டை விட்டுவிடும் என்பதை நான் அதுவரை அந்த வகுப்பில் சொல்லியிருக்கவில்லை. எந்த ஆங்கில இலக்கணப் புத்தகமும் அவளிடம் இல்லை. இல்லாத சொல்லை இல்லை என்று அவள் காதே கண்டுபிடித்துவிட்டது. சாக்பீஸைக் கொடுத்து முன்னால் வரச் சொன்னேன். ‘தாட்’டுக்கும் ‘யூ’வுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு இழுத்து, அதன் மேலே தமிழில் ‘ண்டு’ என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.